அயர்லாந்தின் கூடும் வீடுகள்: ஓர் எளிய அறிமுகம்

அயர்லாந்து என்றதும் பலருக்கு ஒரு மதுக்கடைதான் நினைவுக்கு வரும். மர மேசை, கறுப்பு பீர், மூலையில் ஃபிடில் வாசிக்கும் நாலு பேர். சுற்றுலா விளம்பரங்களும் அதையே காட்டுகின்றன. ‘அயர்லாந்துக்காரர்கள் இயல்பிலேயே கலகலப்பானவர்கள், கூடிப் பாடுவது அவர்கள் ரத்தத்தில் ஊறியது’ என்ற பேச்சும் கூடவே வரும். அங்கே கிராமத்தில் வளர்ந்த முதியவர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள்: ‘அந்தக் காலத்தில் யாரும் கதவைப் பூட்டியதில்லை, எல்லோரும் எல்லோருக்கும் உதவினார்கள்.’

இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் முக்கியமான ஒன்று இரண்டிலுமே விடுபட்டுப் போகிறது. அந்த மக்கள் கூடியதற்கு நல்ல குணம் மட்டுமே காரணமில்லை. நிலம் சிறியது, கையில் காசு குறைவு, வேலைக்கு ஆள் போதாது. இவற்றைச் சமாளிக்க அவர்கள் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்த ஓர் ஏற்பாடு அது. பகலில் வயலில் நடந்த வேலைப் பரிமாற்றத்தையும் இரவில் அடுப்பைச் சுற்றி நடந்த பேச்சையும் பிரிக்க முடியாது. ஒன்றில்லாமல் மற்றது நிலைத்திருக்காது. இந்தத் தொடர்பைப் பிடித்துக்கொண்டால், அவ்வளவு உறுதியாகத் தெரிந்த ஒரு வாழ்க்கை ஏன் சில பத்தாண்டுகளில் கலைந்தது என்பதும் விளங்கிவிடும்.

இங்கே பேசப்போவது பெரும்பாலும் மேற்கு அயர்லாந்தைப் பற்றி: கிளேர், கெர்ரி, கால்வே, மேயோ, டோனகால் போன்ற மாவட்டங்கள். காலம், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஏறக்குறைய 1960கள் வரை.

முதலில், ஊர் எப்படி இருந்தது?

ஒரு தெரு, ஒரு கோயில், ஒரு சந்தை என்று வீடுகள் நெருங்கி நிற்கும் ஊரைக் கற்பனை செய்தால் மேற்கு அயர்லாந்து பிடிபடாது. அங்கே பெரும்பாலான வீடுகள் தனித்தனியாக, அவரவர் நிலத்தின் நடுவே நின்றன. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போக வயலைத் தாண்டி நடக்க வேண்டும். இப்படிச் சிதறிக் கிடக்கும் சில வீடுகளையும் அவற்றின் நிலங்களையும் சேர்த்த மிகச் சிறிய நிலப்பிரிவுக்கு டவுன்லாண்ட் என்று பெயர். பெயரில் ‘டவுன்’ இருந்தாலும் நகரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அயர்லாந்துத் தீவு முழுவதும் இப்படி 60,000க்கும் மேற்பட்ட டவுன்லாண்டுகள் உண்டு. ஒருவர் யார் என்று கேட்டால் முதலில் சொல்லப்படும் அடையாளம் இதுதான்.

மதுக்கடை பெரும்பாலும் சிறு நகரத்தில் இருந்தது. சந்தை நாளில் ஆண்கள் அங்கே போவார்கள். அதற்குக் காசு வேண்டும், நடக்கத் தெம்பும் வேண்டும். அன்றாட மாலைக்கு அது தோதான இடமில்லை. அப்படியானால் மக்கள் எங்கே கூடினார்கள்? யாராவது ஒருவர் வீட்டு அடுப்பங்கரையில்.

பன்றிக்கறியிலிருந்து தொடங்குவோம்

பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் சர்க்கரை வாங்கினால், கிண்ணத்தை நாம் வெறுமையாகத் திருப்பித் தருவதில்லை. சில நாள் கழித்து அதில் வேறு ஏதாவது பலகாரம் போகும். கணக்கு அப்படியே தீர்ந்துவிடாது. கொஞ்சம் நம் பக்கம், கொஞ்சம் அவர்கள் பக்கம் என்று நின்றுகொண்டே இருக்கும். அப்படி நிற்பதால்தான் உறவும் நிற்கிறது.

அயர்லாந்து கிராமத்தில் இந்தக் கிண்ணத்தின் இடத்தில் இருந்தது பன்றி. ஏறக்குறைய எல்லாச் சிறு விவசாயிகளும் பன்றி வளர்த்தார்கள். குளிர்மாதங்களில் ஒன்றை வெட்டினால் பெரும்பகுதியை உப்பிட்டுப் பீப்பாயில் வைக்கலாம். ஆனால் இளங்கறியும் ரத்தத்தில் செய்த புட்டிங் என்னும் தொத்திறைச்சியும் நாள்கணக்கில் தாங்காது. குளிர்பதனப் பெட்டி கிடையாது. அதனால் வெட்டிய வீட்டுக்காரம்மா அவற்றைப் பங்கு போட்டு அண்டை வீடுகளுக்கு அனுப்புவார். குழந்தைகள்தான் தூதர்கள். சில வாரம் கழித்து அடுத்த வீட்டில் பன்றி வெட்டுவார்கள், அங்கிருந்து பங்கு திரும்பி வரும். ஒவ்வொரு வீடும் வெவ்வேறு வாரத்தில் வெட்டியதால் குளிர்காலத்தில் பல தடவை எல்லோருக்கும் இளங்கறி கிடைத்தது. சேமித்து வைக்க இடமில்லாத இறைச்சியை அண்டைவீட்டுக்காரர்களிடம் சேமித்து வைத்தார்கள் என்றே சொல்லலாம்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். தந்தது உடனே திரும்பவில்லை, தாமதமாகத் திரும்பியது. யாரும் எழுதி வைக்கவும் இல்லை. இனி வரும் எல்லாவற்றுக்கும் இதுதான் அடித்தளம்.

மெஹல்: கடனாகத் தரும் உழைப்பு

இறைச்சிக்குப் பதில் உழைப்பை வைத்துப் பாருங்கள். அதுதான் மெஹல். ஒரு வீட்டின் பெரிய வேலையை முடிக்க அக்கம்பக்கத்தார் கூலியில்லாமல் ஒன்றுசேரும் வேலைக்குழு. உதவி பெற்ற வீட்டிலிருந்து மற்ற வீடுகளின் வேலைக்கு ஆள் போக வேண்டும். கிளேர் பகுதியில் இந்தப் பரிமாற்றத்தைக் கூரிங் என்றும் சொன்னார்கள்.

சிறு பண்ணைக்கு இது ஏன் தேவைப்பட்டது? உழவை எடுத்துக்கொள்வோம். கலப்பையை இழுக்க இரண்டு குதிரை வேண்டும். சிறு விவசாயிக்கு ஆண்டு முழுவதும் இரண்டு குதிரைக்குத் தீனி போடக் கட்டாது. அதனால் ஒரு குதிரை வைத்திருக்கும் இரண்டு பேர் ஜோடி சேர்வார்கள். இன்று உன் நிலம், நாளை என் நிலம். இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டால் இரண்டு நிலமும் தரிசாகக் கிடக்கும்.

அடுத்தது டர்ஃப். சதுப்பு நிலத்தில் கட்டிகளாக வெட்டிக் காயவைத்து எரிபொருளாக்கும் மண் இது. மரம் அரிதான மேற்கில் ஆண்டு முழுவதற்குமான அடுப்பு நெருப்பு இதை நம்பியே இருந்தது. ஸ்லேன் என்ற நீண்ட மண்வெட்டியால் ஒருவர் வெட்ட, ஈரக் கட்டியை ஒருவர் பிடித்து எடுக்க, இன்னொருவர் பரப்புவார். தனியாள் செய்தால் வாரக்கணக்கில் இழுக்கும்.

எல்லாவற்றிலும் பெரியது கதிரடிப்பு நாள். கதிரடிக்கும் இயந்திரம், அதை ஓட்ட ஒரு நீராவி எந்திரம், பிற்காலத்தில் டிராக்டர். இவற்றின் சொந்தக்காரர் பண்ணை பண்ணையாக வருவார். இயந்திரம் வந்துவிட்டால் நிற்காது. கதிர்க்கட்டைத் தூக்கிக் கொடுக்க, அவிழ்க்க, மூட்டை பிடிக்க, வைக்கோல் போர் போட என்று 20 பேர் வரை தேவைப்படும். எந்தச் சிறு விவசாயியால் அத்தனை பேருக்குக் கூலி கொடுக்க முடியும்? அதனால் இயந்திரத்தோடு சேர்ந்து ஆட்களும் வீடு வீடாக நகர்ந்தார்கள்.

அன்று அந்த வீட்டின் மானம் சமையலில் இருந்தது. பன்றிக்கறி, முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, ரொட்டி, ஓயாமல் தேநீர், பெரும்பாலும் ஒரு பீப்பாய் கறுப்பு பீர். அண்டை வீட்டுப் பெண்கள் தட்டும் கோப்பையுமாக வந்து அடுப்படியில் நிற்பார்கள். அதுவும் மெஹல்தான். நினைவுக் குறிப்புகள் வைக்கோல் போரைப் பேசும் அளவுக்கு இந்த அடுப்படி உழைப்பைப் பேசுவதில்லை. அது எனக்கு வருத்தமான விஷயம். வேலை முடிந்த இரவில் பெரும்பாலும் ஆட்டமும் பாட்டும் இருக்கும்.

1930களின் தொடக்கத்தில் ஹார்வர்டிலிருந்து கான்ராட் ஆரன்ஸ்பெர்க், சோலன் கிம்பல் என்ற இரண்டு மானுடவியலாளர்கள் கிளேருக்கு வந்து தங்கி இந்த வாழ்க்கையை ஆராய்ந்தார்கள். அவர்கள் அழுத்திச் சொன்னது: இந்த உதவி கண்டபடி நடக்கவில்லை, பெரும்பாலும் உறவுமுறை வழியாகவே ஓடியது. அத்தை மகன், சம்பந்தி, தாய்வழி உறவு என்று யாருக்கு யார் கடமைப்பட்டவர் என்பது எல்லோருக்கும் தெரியும். வெளியூரிலிருந்து வந்து குடியேறியவருக்கு அந்த வலை இல்லை. அவர் கூலிக்குத்தான் ஆள் தேட வேண்டும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: காசில்லாத இடத்தில் உழைப்பே கடனாகச் சுற்றியது. கடனை எழுதி வைக்கவில்லை, நினைவில் வைத்தார்கள். அப்படியானால் அந்த நினைவைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க ஓர் இடம் வேண்டும்.

இரவில் கூடும் வீடு

அந்த இடம்தான் ராம்ப்ளிங் ஹவுஸ். அழைப்பில்லாமலே அக்கம்பக்கத்தார் மாலையில் வந்து உட்காரும் வீடு. வடக்கில் இந்த மாலைப் போக்குவரத்தைக் கெய்லி என்றார்கள். பிற்பாடு அந்தப் பெயர் மண்டபத்தில் நடக்கும் நடன நிகழ்ச்சிக்கு ஒட்டிக்கொண்டது. 1897இல் லண்டனில் கேலிக் லீக் என்னும் மொழி இயக்கத்தின் கிளை நடத்திய ஒரு விழாதான் அந்த வகையில் முதலாவது. ஆனால் கிராமத்தில் கெய்லி போவது என்றால் அண்டை வீட்டுக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்து வருவதுதான்.

எல்லா வீடும் கூடும் வீடு ஆகாது. பெரும்பாலும் சின்னக் குழந்தைகள் இல்லாத வீடு, கதை சொல்லத் தெரிந்த கிழவர் இருக்கும் வீடு, அல்லது வீட்டுக்காரம்மா சிடுசிடுக்காத வீடு. கெர்ரி கடலில் உள்ள பெரிய பிளாஸ்கெட் தீவில் அப்படி ஒரு வீட்டுக்கு ‘டால்’ என்றே பட்டப்பெயர். அதாவது நாடாளுமன்றம். நாற்காலி போதாவிட்டால் தரையில் உட்காருவார்கள், இல்லையென்றால் கவிழ்த்த வாளிமேல். டர்ஃப் நெருப்பை இரவில் சாம்பலால் மூடி வைத்து, காலையில் அதே தணலிலிருந்து மறுபடி மூட்டுவார்கள். வெளிச்சத்துக்கு அந்த நெருப்பும் ஒரு எண்ணெய் விளக்கும்.

அங்கே என்ன நடந்தது? வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குக் கதையும் பாட்டும்தான் கண்ணில் படும். அவை நிச்சயம் இருந்தன. அக்டோபர் 31 இரவில் தொடங்கும் சவ்வன் திருநாளிலிருந்து மார்ச் 17, புனித பேட்ரிக் நாள் வரை கதைக்காலம். ஷனகி எனப்படும் கதைசொல்லி நீண்ட வீரக்கதையை மனப்பாடமாகச் சொல்வார். வாத்தியம் இல்லாத இரவில் வாயாலேயே மெட்டுப்போட்டு ஆட வைப்பார்கள். அதற்கு லில்டிங் என்று பெயர். சில வீடுகளில் அடுப்பின் முன்னுள்ள கல்லுக்கு அடியில் குதிரை மண்டையோட்டைப் புதைத்து வைப்பார்களாம், ஆடுபவரின் காலடி நன்றாக ஒலிக்க. சீட்டாட்டம் உண்டு, கிறிஸ்துமஸ் நெருங்கினால் பந்தயம் ஒரு வான்கோழி.

ஆனால் பெரும்பாலான இரவுகளில் நடந்தது பேச்சுதான். இந்த வருடம் உருளைக்கிழங்கை எப்போது ஊன்றலாம், சந்தையில் கன்றுக்குட்டி என்ன விலை போனது, அமெரிக்காவிலிருந்து யாருக்குக் கடிதம் வந்தது, இவர் மகளுக்கு அவர் மகன் பொருந்துவானா. ஆரன்ஸ்பெர்க் போய் உட்கார்ந்த கிளேர் வீட்டில் முதியவர்கள் கூடினார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டம் இருந்தது. ஒருவர் நீதிபதி, ஒருவர் செனட்டர், ஒருவர் அரசு வழக்கறிஞர், பேச்சை இழுத்து நடுவில் போடுவதற்கென்றே ஒருவர். இளைஞர்களுக்கு அங்கே இடமில்லை. அவர்கள் சீட்டும் ஆட்டமும் உள்ள வேறு வீட்டுக்குப் போவார்கள். ஒரே டவுன்லாண்டில் வயதுக்கேற்ற வீடுகள் இருந்தன.

இப்போது மெஹலையும் இதையும் சேர்த்துப் பாருங்கள். யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டுப் புல் இன்னும் வெட்டப்படவில்லை, யாருக்குப் போன வருடம் உதவியும் அவர் திரும்ப வரவில்லை, இவை எல்லாம் தெரிந்தது அடுப்பங்கரையில்தான். நாளைய வேலைக்கு யார் எங்கே போவது என்பதும் அங்கேயே முடிவானது. கடமை தவறியவரைப் பற்றி நாலு பேர் பேசினாலே போதும், வேறு தண்டனை வேண்டியதில்லை. கணக்குப் புத்தகம், வேலை அலுவலகம், செய்தித்தாள், பஞ்சாயத்து என்று நாம் பிரித்து வைத்திருக்கும் பலவும் அந்த ஒரு அடுப்படிக்குள் இருந்தன. அந்தப் பாட்டையும் சிரிப்பையும் குறைத்துச் சொல்லவில்லை. தேவை இருந்ததால் தினமும் கூடினார்கள், தினமும் கூடியதால் கலை வளர்ந்தது என்பதே என் எண்ணம்.

நடனமும் சட்டமும்

கோடையில் ஆட்டம் வெளியே வரும். நாற்சந்தியில், பாலத்தின் மேல், சில இடங்களில் அதற்கென்று போட்ட பலகை மேடையில். மற்றபடி வீட்டுச் சமையலறையே நடனக்கூடம்.

1925இல் கத்தோலிக்க ஆயர்கள் நடனத்தின் தீமைகள் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். 1935இல் பொது நடனக்கூடச் சட்டம் வந்தது. பொது நடனம் நடத்த மாவட்ட நீதிமன்றத்தின் உரிமம் தேவை என்றது அது. வீட்டுச் சமையலறையைத் தடைசெய்வதாக அதில் நேராக எழுதியிருக்கவில்லை. ஆனால் பல இடங்களில் போலீசும் பாதிரியாரும் வீட்டு நடனத்துக்கும் அதைப் பாய்ச்சினார்கள். ஆட்டம் பாதிரியாரின் மேற்பார்வையில் உள்ள கட்டண மண்டபத்துக்கு நகர்ந்தது. கிளேர் மாவட்டத்தின் புகழ்பெற்ற ஃபிடில் கலைஞர் ஜூனியர் க்ரீஹன், வீட்டு நடனம் போனதோடு இளையவர்கள் இசை கற்ற இடமே போய்விட்டது என்று கடைசிவரை வருந்தினார்.

இங்கே ஒரு பரவலான தவறைத் திருத்த வேண்டும். 1943 மார்ச் 17 அன்று பிரதமர் இமோன் டி வலேரா வானொலியில் தம் கனவு அயர்லாந்தைப் பற்றிப் பேசினார். ‘நாற்சந்தியில் ஆடும் கன்னியர்’ என்று அவர் சொன்னதாக இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த உரையில் நாற்சந்தி வரவே இல்லை. முதியவர்களின் ஞானம் பேசப்படும் அடுப்பங்கரைதான் வருகிறது.

சாவு வீட்டில்

வேக் என்பது இறந்தவரை வீட்டிலேயே கிடத்தி, அடக்கம் வரை இரவும் பகலும் தனியே விடாமல் ஊரார் உடனிருப்பது. ‘செத்தவர் எழுந்துவிடுவாரோ என்று காத்திருப்பது’ என இணையத்தில் சுற்றும் விளக்கம் வெறும் கட்டுக்கதை. கடிகாரத்தை நிறுத்துவார்கள், கண்ணாடியை மூடுவார்கள். வருபவர்களுக்குக் களிமண் புகைக்குழாய், புகையிலை, மூக்குப்பொடி, தேநீர், விஸ்கி. ஒப்பாரி பாடவென்றே பெண்கள் இருந்தார்கள். முழு வாழ்வு வாழ்ந்த முதியவர் என்றால் கதையும் விளையாட்டும்கூட நடக்கும். அந்த விளையாட்டுகளைத் திருச்சபை 17ஆம் நூற்றாண்டிலிருந்தே கண்டித்து வந்தது.

இதுவும் மெஹலின் தொடர்ச்சிதான். துக்க வீட்டின் மாடுகளை அண்டைவீட்டார் கறப்பார்கள், குழி தோண்டுவார்கள், சமைப்பார்கள். இரவு முழுவதும் கண்விழித்திருப்பதும் திருப்பித் தரவேண்டிய கடன்களில் ஒன்று.

மகனோ மகளோ அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறும் முந்தைய இரவிலும் இதே போல் கூடுவார்கள். அதற்கு அமெரிக்கன் வேக் என்று பெயர். போனவர்களில் பெரும்பாலோர் திரும்பப் போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். விடிய விடிய ஆடிவிட்டு, காலையில் சாலை வளைவு வரை கூட நடந்து அனுப்பி வைப்பார்கள்.

எல்லோருக்கும் இடம் இருந்ததா?

இல்லை. திருப்பித் தர எதுவும் இல்லாதவர்கள் இந்த ஏற்பாட்டின் விளிம்பில் நின்றார்கள். விதவைக்கு உதவுவார்கள், ஆனால் நிலமற்ற கூலியாளுக்கு விவசாயியின் சமபந்தியில் இடம் கிடைப்பது கடினம். கண்காணிப்பும் கடுமையாக இருந்தது. எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஊரில் ஒளிவதற்கு இடமில்லை. ஊர் வாய்க்குப் பயந்து வெளியேறிய இளம்பெண்கள் உண்டு. பூட்டாத கதவைப் பற்றி ஏங்கும்போது இதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

ஏன் கலைந்தது?

‘டிவி வந்தது, எல்லாம் போச்சு’ என்பது வழக்கமான பதில். டெலிஃபீஸ் ஏரன் தொலைக்காட்சி 1961 டிசம்பர் 31 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது உண்மை. ஆனால் கருவி தானாக மனிதர்களைப் பிரிப்பதில்லை. 1926இல் அரசு வானொலி தொடங்கியபோது, ஊரில் ஒரே ஒரு பெட்டி இருந்த வீட்டுக்கு ஹர்லிங் என்னும் உள்நாட்டு மட்டைப்பந்து ஆட்டத்தின் வர்ணனை கேட்கக் கூட்டம் சேர்ந்தது. வானொலிப் பெட்டியே அந்த வீட்டைக் கூடும் வீடு ஆக்கியது.

அடிப்படையில் மாறியது வேறு. 1950களில் மட்டும் ஏறக்குறைய 4 லட்சம் பேர் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். 1961 கணக்கெடுப்பில் குடியரசின் மக்கள்தொகை 28 லட்சமாகச் சுருங்கியிருந்தது. மெஹலுக்கு வரவேண்டிய மகன்கள் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் கட்டட வேலை செய்துகொண்டிருந்தார்கள். அப்புறம் டிராக்டர் வந்தது, குதிரை ஜோடிக்கு அண்டைவீட்டார் தேவையில்லை. பெரிய அறுவடை இயந்திரம் வந்து, 20 பேர் செய்த கதிரடிப்பை ஓரிருவர் முடித்தார்கள். 1946இல் தொடங்கிய கிராம மின்மயம் 1970கள் வரை நீண்டது. மின்சாரத்தோடு குளிர்பதனப் பெட்டி வந்தபின் பன்றிக்கறியைப் பகிர வேண்டிய அவசரம் இல்லை.

ஒவ்வொன்றும் வாழ்க்கையை எளிதாக்கியது. கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்த பெண்கள் மின்சாரத்தால் கிடைத்த விடுதலையை மறக்கவில்லை. ஆனால் ஒவ்வொன்றும் அண்டை வீட்டுக்குக் கடன்பட வேண்டிய ஒரு காரணத்தையும் எடுத்துப் போனது. கடன் நின்றதும் தினமும் போய் உட்காரும் தேவையும் மெல்ல நின்றது.

மதுக்கடை இசைக்கு வருவோம். இன்று நாம் காணும் அந்தக் காட்சி, புலம்பெயர்ந்தவர்கள் லண்டன் போன்ற நகரங்களில் சமையலறை இல்லாமல் மதுக்கடைகளில் கூடி வாசித்ததிலிருந்து வலுப்பெற்றது. 1951இல் முல்லிங்கரில் தொடங்கிய இசைத் திருவிழாக்களும் அதைப் பரப்பின. பழமையானதாகத் தெரிகிற அந்தக் காட்சியின் வயது ஒரு நூற்றாண்டுகூட இல்லை.

எங்கே மிச்சமிருக்கிறது?

எழுத்தில் நிறைய இருக்கிறது. 1935இல் அமைந்த அயர்லாந்து நாட்டார் வழக்காற்று ஆணையம் 1937 முதல் 1939 வரை பள்ளிப் பிள்ளைகளைக் களத்தில் இறக்கியது. சுமார் 5,000 பள்ளிகளிலிருந்து 50,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் தங்கள் தாத்தா பாட்டியிடமும் அண்டை முதியவர்களிடமும் கேட்டு எழுதினார்கள். சேர்ந்தவை ஏறக்குறைய 7,40,000 பக்கங்கள். டூகஸ் இணையதளத்தில் அவை இலவசமாகக் கிடைக்கின்றன. இடப்பெயர் கொடுத்துத் தேடலாம். ஒரு பக்கத்தைத் திறந்து, ஒரு குழந்தையின் கையெழுத்தில் பன்றி வெட்டிய நாளைப் படித்துப் பாருங்கள்.

வாழ்க்கையில் மிச்சமிருப்பது முக்கியமாக வேக். உழவையும் அறுவடையையும் இயந்திரத்திடம் விட்டவர்கள் சாவு வீட்டை இன்னும் விடவில்லை. அங்கே தேவைப்படுவது வந்து நிற்கும் ஆட்கள், அதை எந்த இயந்திரமும் செய்து தராது. இன்றும் கிராமத்தில் மரண அறிவிப்பு வந்ததும் அண்டைவீட்டார் நாற்காலிகளும் தேநீர்க் குடுவைகளும் கொண்டுவந்து சேர்ப்பார்கள், சாண்ட்விச் தட்டுகள் வரும், உள்ளூர் விளையாட்டுச் சங்கத்து இளைஞர்கள் ஒளிரும் மேலங்கி போட்டுக்கொண்டு சாலையில் கார்களை ஒழுங்குபடுத்துவார்கள். மேற்கின் சில ஊர்களில் குழியை இன்னமும் அண்டைவீட்டாரே தோண்டுகிறார்கள்.